மன்னிப்பில் தொடங்கும் முறைப்பாடு

அன்புள்ள சிநேகிதிக்கு,

அந்தப் பெட்டி மறுபடியும் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. திறந்தால் புது ரப்பர் குழாயின் மணம் இன்னும் போகவில்லை, மெஷின்தான் செத்துப்போய்விட்டது. என் கணவரின் இழுப்புக்கு மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கிற நெபுலைசர். வெள்ளவத்தையில், காலி வீதிக் கடையொன்றில் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்று அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், தூக்கிக்கொண்டே திரும்பி வந்தேன். நீ இருந்திருந்தால் இப்படி வந்திருக்க மாட்டேன்.

கொட்டாஞ்சேனையில், உன் வீட்டுப் பக்கம் நான் வாங்கிய, தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தல் நினைவிருக்கிறதா? தொட்டால் கரண்ட் அடித்தது. அலுவலகம் முடிந்து இருவருமாகத் திருப்பிக் கொடுக்கப் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் நான் கற்றுக்கொண்ட முதல் சிங்களச் சொல் 'சமாவென்ன'. மன்னியுங்கள் என்று அர்த்தம். பஸ்ஸில், சந்தையில், சோதனைச் சாவடியில், எங்கே வாய் திறந்தாலும் அதுதான் முதலில் வரும். அன்றும் "சமாவென்ன மல்லி", மன்னியுங்கள் தம்பி, என்றுதான் தொடங்கினேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"யாருடி தப்பு செஞ்சது? நீயா, அவனா? நீ எதுக்கு மன்னிப்பு கேக்குற?"

கடைக்காரன் சுவரில் தொங்கிய போர்டைக் காட்டினான். விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது. பழுதான சாமானுக்கு அந்த எழுத்துச் செல்லாது என்று அவனுக்குச் சிங்களத்திலேயே சொன்னாய். அதோடு விட்டாயா? கேத்தலை மேசையில் வைத்துவிட்டு, கடைக்குள் வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு மொழியிலும் "இதத் தொடாதீங்க, கரண்ட் அடிக்கும்" என்று அக்கறையாக எச்சரிக்கத் தொடங்கினாய். எனக்கு வெட்கத்தில் நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் புதுக் கேத்தல் வந்தது. போதாதென்று, அங்கேயே தண்ணீர் கொதிக்கவைத்துக் காட்டச் சொன்னாய். பாவம் அவன், கொதித்த தண்ணீரில் நமக்குத் தேத்தண்ணியும் ஊற்றித் தந்தான்.

"பில்ல உடனே போட்டோ கொப்பி எடுத்து வை" என்றும் சொல்லுவாய். நான் எடுக்கவில்லை. கைப்பைக்குள் தைலப் போத்தல் கசிந்து, நெபுலைசர் பில் வெள்ளைத் தாளாகிவிட்டது. கடைகள் மீது பாவனையாளர் சொல்லும் முறைப்பாட்டை எடுக்கிற அலுவலகத்துக்குப் போன கிழமை அதைத்தான் கொண்டு போனேன். சட்டம் என் பக்கம்தான் என்று அங்கிருந்த பிள்ளை அன்பாகவே சொன்னாள். "ஆனா பில் வாசிக்க ஏலாதே, அன்ரி. கடையில ஒரு கொப்பி கேட்டுப் பாருங்கோ." இடையில், இவருக்கு இழுக்கும்போதெல்லாம் ஆட்டோ பிடித்துக் கிளினிக்குக்கு ஓடுகிறோம். மழை நாளில் ஆட்டோவும் கிடைப்பதில்லை. நான் இவருடைய முதுகைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். வேறென்ன செய்ய?

உன் கட்டில் பக்கத்திலும் இப்படித்தான் நின்றேன். ஆஸ்பத்திரியில் இல்லையென்று வெளியே வாங்கி வந்த ஊசி மருந்தை உன்னிடம் காட்டியபோது, கண்ணைத் திறக்காமலே "டேட் பாத்தியா?" என்றாய். பார்த்தேன். திகதி சரியாக இருந்தது. மூடி சரியாக இருந்தது. எல்லாமே சரியாகத்தான் இருந்தது, நீ போய்விட்டாய். அதை யாரிடம் போய் முறையிடுவது?

இன்று கடைக்குப் போகிற வழியெல்லாம் ஒரு வசனத்தைச் சிங்களத்தில் சொல்லிப் பழகினேன். இது பழுதான பொருள், மாற்றித் தர வேண்டும். உன்னைப் போலவே நிமிர்ந்து உள்ளே போய், பெட்டியை மேசையில் வைத்தேன். வாயைத் திறந்தேன்.

"சமாவென்ன..."

"கமக் நே, மிஸ்" என்றார் கடைக்காரர். பரவாயில்லையாம். என்னை மன்னித்துவிட்டார். பிறகு, பெட்டியைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, மெஷினை வெளிநாட்டிலிருந்து இறக்கிய கொம்பனியை மூடிவிட்டார்கள், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சிரித்த முகத்தோடு சொல்லி, பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். பழகிய வசனத்தையும் சொல்லாமல், பில் கொப்பியும் கேட்காமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"யாருடி தப்பு செஞ்சது?" என்று நீ அன்று கேட்ட கேள்வியை இன்னும் வைத்திருக்கிறேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது வருகிறது, இப்போது எழுதும்போதும் வருகிறது. கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் வாய்க்கு வருவதில்லை. உள்ளே இவருக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது. நான் ஆட்டோ பார்க்கப் போக வேண்டும்.