ஒரே குத்தில்

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று முதல்முறையாக ஒரு நோயாளிக்கு நானே டிரிப்ஸ் ஊசி ஏற்றினேன். ஒரே குத்தில் நரம்பு கிடைத்துவிட்டது. "ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துகிட்டு அசத்திட்டியே!" என்றார் பெரிய சிஸ்டர்.

படுத்திருந்த அந்த நோயாளி அம்மா, "வலிக்கவே இல்லையே கண்ணு, எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டார்.

"காலேஜ்ல" என்றேன்.

போன வாரம் நான் வீட்டுக்கு வந்தபோது, "குத்திப் பழகுடி, எனக்கென்ன, எருமைத்தோல்" என்று கையை நீட்டினீர்கள். குத்திய இடமெல்லாம் தவறியது. மறுநாள் வீங்கிய கையோடுதான் மூட்டை தூக்கப் போனீர்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லை, அப்பா. சிஸ்டர் திட்டுவாரென்று அல்ல, "அப்பா என்ன வேலை?" என்று அடுத்துக் கேட்டுவிடுவார்களோ என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காயத்தை அம்மாவிடம் மறைக்க முழுக்கைச் சட்டையோடு திரிகிறீர்களாம், தங்கை சொன்னாள். என்னிடம் மறைக்காதீர்கள். அந்தக் கையை நான் பார்க்க வேண்டும்.

உங்கள்
மூத்த மகள்