கௌமாரி எழுதாத பக்கம்

என் அருமை மதினி கௌமாரிக்கு,

நீ இரண்டாம் ஆண்டை நல்லபடியாக முடித்துவிட்டாய். வாழ்த்துகள். மார்கழிக் கடைசியில் செத்துப்போனவள் சித்திரையில் எப்படிப் படிப்பை முடித்தாய் என்று கேட்காதே. நம் கல்லூரியில் அதற்கெல்லாம் வழி வைத்திருக்கிறார்கள்.

உன் வருகைப் பதிவு இப்போது எண்பத்தொரு சதவீதம். உயிரோடு இருந்தவரை அறுபத்தைந்தைத் தாண்டாமல், ஒவ்வொரு பருவத்திலும் துறைத் தலைவர் அறை வாசலில் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றவள் நீ. செத்த பிறகு ஒரு நாள் விடாமல் வந்திருக்கிறாய். உயிரோடு இருக்கும்போதே இந்தப் புத்தி வந்திருக்கக் கூடாதா?

எப்படி என்று அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கே இருக்கும் கிளார்க் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "டி.சி. வாங்குற வரைக்கும் அந்தப் பொண்ணு ஸ்டூடண்ட்தாம்மா. அவங்க வீட்ல இருந்து வந்து லெட்டர் கொடுத்தாத்தான் பேரை எடுக்க முடியும். இன்ஸ்பெக்ஷன் வருதுன்னு இந்த செமஸ்டர் பட்டியல்ல இருக்குற எல்லாருக்கும் பிரசண்ட் போடச் சொல்லிட்டாங்க." செத்தவர்கள் டி.சி. வாங்கிக்கொண்டு சாகவேண்டும் என்பது உனக்கும் தெரியவில்லை, உன் அம்மாவுக்கும் தெரியவில்லை. போய்ச் சொல்ல வேண்டும் என்று கல்லூரியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

உனக்கு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிக்கப் போகிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் முறைப்படி நான் அத்தை என்று கூப்பிடும் உன் அம்மா தினமும் கம்பத்திலிருந்து ஜீப் ஏறி மலைக்கு மேலே கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போவார், சனி, ஞாயிறு வந்தால் நீயும் கூடப் போவாய். அன்றைக்கு அத்தைக்குக் காய்ச்சல், நீ மட்டும் போனாய். ஒன்பது பேர் உட்காரும் ஜீப்பில் பதினாறு பேரை அடைத்திருந்தார்கள். மெட்டு மலை ரோட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்தது. மற்றவர்கள் கை கால் முறிவோடு தப்பினார்கள். கதவோரம் தொற்றிக்கொண்டிருந்தவள் நீ.

திங்கட்கிழமை கல்லூரியில் உனக்கு இரண்டு நிமிடம் மௌனம். மேடையில் பொங்கல் விழாவுக்கு ஒத்திகை பார்க்கவேண்டியிருந்ததால் அது ஒரு நிமிடத்தில் முடிந்தது. வகுப்புக்குத் திரும்பியதும் துறைத் தலைவர் அம்மா எங்களுக்கு அறிவுரை சொன்னார். "லீவு நாள்ல வீட்ல உக்காந்து படிச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேரின் அம்மாக்கள் அதே தோட்டத்துக்குத்தான் போகிறார்கள்.

இனி இந்த வருடக் கடைசிக் கூத்துக்கு வருகிறேன். கல்லூரியை ஆய்வு செய்ய வெளியூரிலிருந்து ஒரு குழு வரப்போவதாக மாசி மாதமே அறிவித்துவிட்டார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வைத்தார்கள். கடைசியாக எங்களிடம் வந்தார்கள். ஒவ்வொரு மாணவரும் இந்த ஆண்டில் தான் பெற்ற அனுபவத்தைத் தன் கைப்பட ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும், மனதிலிருந்து எழுதவேண்டும் என்று உத்தரவு. மனதிலிருந்து எழுதுவதற்கு ஒரு மாதிரிப் பக்கத்தையும் அவர்களே கொடுத்தார்கள்.

அதை எழுதியவன் நம் வகுப்புப் பிரதிநிதி விக்னேஷ். துறைத் தலைவர் தும்மினால் கைக்குட்டையோடு நிற்பானே, அவனேதான். 'இந்த ஆண்டு என் ஆளுமையைச் செதுக்கியது, அடுத்த ஆண்டை ஆவலோடு எதிர்நோக்குகிறேன்' என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டான். நம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி உனக்குத் தெரியாதா? பேரையும் பதிவு எண்ணையும் மட்டும் மாற்றி அப்படியே இறக்கிவிட்டார்கள். நடுவில் 'கல்லூரிக் கிரிக்கெட் அணியில் ஆடித் தலைமைப் பண்பைக் கற்றேன்' என்று ஒரு வரி இருந்தது. அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது நம் வகுப்பில் முப்பத்தோரு பெண்கள் கிரிக்கெட் வீராங்கனைகள். மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத நானும் அதில் ஒருத்தி.

துறைத் தலைவர் அதையெல்லாம் வாசிக்கவே இல்லை, எண்ணிப் பார்த்தார். ஐம்பத்தேழு இருந்தது. பட்டியலில் ஐம்பத்தெட்டு. என்னைக் கூப்பிட்டார்.

"நூர்ஜஹான், கௌமாரிக்கு நீதானே ரெக்கார்டு எழுதிக் கொடுப்ப? அவ பேர்லயும் ஒண்ணு எழுதிடு."

"மேம், அவ செத்துட்டா."

"அது எனக்குத் தெரியாதா? ஃபைலுக்குத் தெரியுமா?"

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. ஏதோ எனக்குப் புரியவேண்டிய ஒரு விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லித் தருகிற முகம். ஏலப் பிசின் ஏறிக் கறுத்த விரல்களோடு திங்கட்கிழமை வந்து, பேனா பிடிக்க முடியவில்லை என்று உன் ரெக்கார்டு நோட்டை என் பக்கம் தள்ளுவாயே, அப்போது என் மேல் உனக்கு இருந்த உரிமையை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்து எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், ஓரம் விட்டு, கீழே உன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தேன். இன்டர்னல் மார்க் அவர் கையில் இருந்தது. அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

குழு வந்தது. மூன்று பேர். அதில் வயதான ஒருவர் மட்டும் ஃபைலைப் பிரித்துப் புரட்டினார். ஐம்பத்தெட்டில் அவர் கை போய் நின்றது உன் பக்கத்தில். எழுத்து அழகாக இருக்கிறதாம். "இந்தப் பொண்ணைக் கொஞ்சம் வரச்சொல்லுங்க, பேசிப் பாக்கணும்" என்றார்.

அன்றைக்கு லீவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் ஆய்வு நாளில் எல்லோரும் வந்திருக்கிறோம் என்று காலையில் பெருமையாகக் கணக்குக் கொடுத்திருந்தார்கள். துறைத் தலைவர் வெளியே வந்து என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். தலையில் கிடந்த துப்பட்டாவைத் தோளுக்கு இறக்கிவிட்டார். "கௌமாரின்னா பொட்டு வேணாமா?" என்று கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் அட்டையை எடுத்து ஒன்றைப் பிய்த்து என் நெற்றியில் ஒட்டினார். பக்கத்தில் நின்ற விக்னேஷ், "சூப்பர் மேம், அப்படியே இருக்கு" என்றான். உன் முகத்தை அவன் ஒரு நாளாவது சரியாகப் பார்த்திருப்பானா?

உள்ளே போனேன். வகுப்பே உட்கார்ந்திருந்தது.

"உன் பேர் என்னம்மா?"

"கௌமாரி சார்."

"இந்த வருசத்துல உன்னை ரொம்ப மாத்தினது எது?"

"நூலகம் சார்."

நம் நூலகத்துச் சாவி தொலைந்து ஒரு வருடம் ஆகிறது. அவர் "வெரி குட் கௌமாரி" என்று எதையோ குறித்துக்கொண்டார். கைதட்டச் சொன்னார்கள், தட்டினார்கள். அவர்கள் கார் வாசலைத் தாண்டியதும் பிரியாணிப் பொட்டலம் வந்தது. நான் அதையும் தின்றேன் கௌமாரி. பஸ்ஸில் வரும்போதுதான் நெற்றியில் கை பட்டது. பொட்டை எடுத்து முன்சீட்டுக் கம்பியில் ஒட்டினேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு மூன்றாம் ஆண்டுக்குப் போயிருப்பேன். ஆனால் உங்கள் தெருவிலிருந்து வருகிற ஒருத்தி வீட்டில் போய் இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். அது பாதியாக அத்தை காதுக்குப் போயிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் என்னைப் பெற்ற அத்தாவின் வாழைக்காய் மண்டிக்கு உன் அம்மா வந்து நின்றார்.

"ஆத்தா நூரு, எம்மக எழுதுனத யாரோ பெரியவுக வாசிச்சுப் பாராட்டுனாகளாமே. சாகுறதுக்கு முந்தி எழுதிக் குடுத்திருக்கா போல. அந்தத் தாள எனக்கு வாங்கித் தருவியா? அவ எழுதுனதுன்னு வீட்டுல ஒண்ணுமில்ல ஆத்தா. நோட்டு, துணிமணி எல்லாத்தையும் அவுக மாமா அவகூடவே வச்சு எரிச்சுட்டாக."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சரி அத்தை என்று தலையாட்டினேன். கல்லூரியில் கேட்டால், ஃபைல் பைண்டிங் ஆகிவிட்டது, நகல்தான் தரமுடியும் என்றார்கள். துறைத் தலைவருக்குத் திடீரென்று இரக்கம் சுரந்துவிட்டது. "பாவம், அந்தம்மா சந்தோசப்படட்டும். லேமினேட் பண்ணியே குடுத்துடுவோம்" என்றார். உன் சாவுக்கு ஒரு மாலை வாங்கி அனுப்பாத துறை, உன் பொய்க்கு பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தது.

நேற்று சனிக்கிழமை. விடிந்ததும் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். அத்தை தூக்குவாளியோடு மற்றப் பெண்களுடன் நின்றிருந்தார். இப்போதும் போகிறார், போகாமல் என்ன செய்வார்? தாளை வாங்கி முந்தானையால் துடைத்தார்.

"இதுல அவ பேரு எங்கன இருக்கு?"

காட்டினேன். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டே, "வாசி ஆத்தா, இவுகளும் கேக்கட்டும்" என்றார். பெண்கள் நெருங்கி வந்தார்கள். மூன்று வரி வாசித்தேன். 'அடுத்த ஆண்டை ஆவலோடு' என்ற இடத்துக்கு வந்ததும் முடியவில்லை. அவ்வளவையும் சொன்னேன். எழுதியது நான், போய் நின்றது நான், பேர் சொன்னது நான்.

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தாளிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"அங்கன எத்தன பேரு இருந்தீக?"

"அம்பத்தேழு பேரு அத்தை."

"ஒருத்தருக்குக்கூடவா அவ செத்துட்டான்னு சொல்ல வாய் வரல?"

"வரல அத்தை."

"நீ அவகூட ஒரே தட்டுல தின்ன புள்ளயில்ல?"

ஜீப் வந்துவிட்டது. அத்தை தாளை என் கையில் திணித்தார். "இந்தா, நீயே வச்சுக்க. இது உன் எழுத்து" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். பின்னால் பதினோரு பேர், முன்னால் நான்கு பேர், டிரைவர். திரும்பிப் பார்க்கவில்லை.

இவ்வளவு நேரம் ஒவ்வொருவர் மேலாகக் காறித் துப்பிக்கொண்டு வந்தேன். விக்னேஷ் ஒரு ஜால்ரா, துறைத் தலைவருக்கு ஈரமே கிடையாது, வகுப்பு முழுக்க ஆட்டுமந்தை. எல்லாம் உண்மைதான். ஆனால் அவர்களில் ஒருவரும் உன் பேரைத் தன் பேராகச் சொல்லவில்லை. அந்தக் கேவலத்தை நான்தான் செய்தேன். அவர்கள் எல்லோரையும்விட நான் மட்டம்.

அனுபவம் எழுதச் சொன்னார்களே, இதுதான் என்னுடைய அனுபவம். யாரையும் பார்த்து எழுதவில்லை. இதில் இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று அந்தப் பெரியவருக்குப் பதிவுத் தபாலில் போகிறது. தான் பார்த்துப் பேசிய பெண் கௌமாரி இல்லை என்று அவர் தெரிந்துகொள்ளட்டும். இன்னொன்றை வகுப்பின் கடைசி நாளான திங்கட்கிழமை துறைத் தலைவர் மேசையில் நானே கொண்டுபோய் வைப்பேன். மார்க்கைக் குறைக்கட்டும், கல்லூரியை விட்டே அனுப்பட்டும். அத்தாவிடம் சொல்லிவிட்டேன். "போனாப் போகுது, சொல்லிட்டு வா" என்றார்.

வைத்துவிட்டு வந்துவிட மாட்டேன் மதினி. வகுப்பில் அந்த ஐம்பத்தாறு பேர் முன்னால், நீ செத்துவிட்டாய் என்று வாய்விட்டுச் சொல்வேன். என் பேரைச் சொல்லிவிட்டுச் சொல்வேன். அன்று சாயங்காலம் ஜீப் இறங்கும் இடத்தில் அத்தைக்காக நிற்பேன். பேசினாலும் சரி, பேசாமல் போனாலும் சரி, தூக்குவாளியை வாங்கிக்கொண்டு வீடுவரை பின்னாலேயே நடப்பேன்.

உன் மதினி,
நூர்ஜஹான்