ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில்

ஜூன் 28, சனி. ஈசா டவுன்

முரளி ஒரு ஒயின் பாட்டிலோடு வந்தார். கூட வேலை பார்க்கும் இத்தாலிக்காரர் லூக்கா கொடுத்ததாம். அவர் குடும்பத் தோட்டத்துத் திராட்சை, பெரிய மரப்பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்த சிவப்பு ஒயின். லேபிளில் அவர் அப்பாவின் கையெழுத்து. இருட்டில், குளிர்ச்சியாக, படுக்கவைத்தே வைக்க வேண்டுமாம். "நம்ம கல்யாண நாளைக்குத் திறப்போம்" என்று துண்டில் சுற்றி, சின்ன அறை அலமாரியின் அடித்தட்டில் வைத்தார்.

ஜூலை 2

நாளை அத்தை திருச்சியிலிருந்து வருகிறார். அந்த அறையில்தான் படுப்பார். முட்டை வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற மனுஷி. இவரிடம் சொன்னால் "விடு, அம்மாதானே" என்பார். அவருக்கென்ன, வாங்கிக் கட்டிக்கொள்வது நானல்லவா?

பேசாமல் பாட்டிலை எங்கள் கார் டிக்கியில், ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டேன். கடல் பாலம் தாண்டி சவுதியில் வேலை நடக்கும் சைட்டுக்கு இவர் போவது ஆபீஸ் வண்டியில். எங்கள் கார் கடைக்கும் கோயிலுக்கும்தான்.

ஜூலை 6, ஞாயிறு

காரில் புளித்த வாடை. "மாவு கொட்டிட்டியாம்மா?" என்றார் அத்தை. நேற்று தோழி விஜி வீட்டுக்கு இட்லி மாவு கொண்டுபோனேன், அதுதான். சீட்டைத் தேய்த்துக் கழுவினேன். வாடை போகவில்லை.

ஜூலை 7

நான் குளித்துவிட்டு வருவதற்குள் இவர் கிளம்பிவிட்டார். ஆபீஸ் வண்டி ஒர்க்‌ஷாப்பிலாம். எங்கள் காரில். சவுதிக்கு.

"வண்டி நின்ன இடத்துல செவப்பா சொட்டியிருக்கு பாரு" என்றார் அத்தை.

ஐயோ, மாவு இல்லை அது. இந்த வெயிலில் கார்க் பிதுங்கியிருக்கு. இந்த ஊர் மாதிரி இல்லை, சவுதியில் ஒரு சொட்டு மதுகூடக் கூடாதே. என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்?

கூப்பிட்டேன், எடுக்கவில்லை. "பாலத்துல க்யூ, அப்புறம் பேசறேன்" என்று மெசேஜ். திரும்பி வாங்க, திரும்பி வாங்க என்று அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒற்றை டிக்.

ஜூலை 8

ஒற்றை டிக்தான்.

ஜூலை 10

யாருடைய போனிலிருந்தோ பேசினார். "பாட்டில் என்னோடதுன்னு சொல்லிட்டேன். நீ வாயத் திறக்காத." எப்போது விடுவார்கள் என்று தெரியாதாம். ஏன்டி வச்சே என்று கேட்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 18, வெள்ளி

கல்யாண நாள். இவர் இல்லை.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் ஆய்ந்துகொண்டிருந்த கீரையைத் தள்ளி வைத்தார்.

"எனக்குப் பயந்தா கொண்டுபோய் வச்சே? அவன் அப்பா குடிக்காததா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் புடவைக்கு அடியில வச்சிருப்பேனேடி."