சாமி பாட்டுக்கு நடுவே உங்கள் குரல்

டீச்சர்,

இன்று காலை துணி உலர்த்த மாடிக்குப் போனேன். மாடி அறையை இரண்டு பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். இருவருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனி வேலை. அறைக்குள் செல்போனில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தது. டஸ்டரை மேசையில் இரண்டு தட்டு தட்டும் சத்தம். அதன் பிறகு நீங்கள்.

“கடைசி பெஞ்சு, கேக்குதா?”

கையில் ஈரப் புடவையோடு “கேக்குது டீச்சர்” என்று சொல்லிவிட்டேன்.

முத்துச்செல்வி எட்டிப் பார்த்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்.

“என்னம்மா, கூப்ட்டீங்களா?”

“இல்லம்மா. அது யாரு பேசறது?”

“இதுவா? பஸ் டீச்சர்லா! பத்தாவதுல சயின்ஸ் மட்டும் போச்சும்மா. அடுத்த வாரம் திரும்ப எழுதுதேன். பாஸாகிட்டா பெர்மனென்ட் ஆக்குதோம்னு சொல்லியிருக்காங்க. எங்க லைன்ல பாதிப் பேர் போன்ல இந்த டீச்சர் இருக்காங்க.”

பஸ் டீச்சர். உங்கள் பெயர் அவளுக்குத் தெரியாது. எப்படி இருப்பீர்கள் என்றும் தெரியாது. நீங்கள் போய் மூன்றாவது வருடம் நடக்கிறது.

எந்தப் பாடத்தால் அந்தப் பெயர் வந்தது என்று எனக்குத் தெரியும். நிலைமம். பக்கத்து வகுப்பில் நான் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். நடுச்சுவர் முழுதாக மேலே போகாத கட்டடம், உங்கள் பாடம் எல்லாம் என் வகுப்புக்கும் சேர்த்துத்தான். “உங்க அக்கா ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல நின்னுகினு வர்றாங்க. டிரைவர் பிரேக் போடறாரு. பஸ் நின்னுடுச்சி. அக்கா நின்னாங்களா? முன்னாடி இருக்கறவங்க மேல போய் வுழுந்தாங்க. பஸ்ஸு நின்னது பஸ்ஸுக்குத் தெரியும், அக்கா உடம்புக்கு யாரு சொல்றது?” உங்கள் பிள்ளைகளோடு என் பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்று நான் நடத்திய பாடம் யாருக்கும் நினைவிருக்காது.

செல்போனில் பதிவு செய்ய நீங்கள் ஏன் ஆரம்பித்தீர்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. ஒரு பெரிய கணினி நிறுவனம் நம் பள்ளிக்குத் திரையும் கணினியும் கொடுத்தது. மாலை போட்டு வாங்கிக்கொண்டோம். கோடை விடுமுறை முழுக்க வியர்வை வழிய உட்கார்ந்து, அவர்கள் மென்பொருளிலேயே படமும் எழுத்துமாகப் பாடங்கள் செய்தீர்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை கணினியைத் திறந்தால், உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லித் திரையில் ஒரே ஒரு கட்டம். உங்கள் பாடங்கள் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. நிறுவனத்திலிருந்து வந்து பார்த்த பையன் நல்லவன், சங்கடப்பட்டான்.

“பாடம் உங்களுதுதான் மேடம். திறக்கிற லைசென்ஸ்தான் எங்களுது.”

“வூடு என்னுது, பூட்டு உன்னுதா தம்பி?” என்று கேட்டீர்கள். அவனுக்கு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினீர்கள். எனக்குத்தான் கோபம் ஆறவில்லை.

மறுநாள் மேசை மேல் உங்கள் செல்போன் இருந்தது. பாடத்துக்கு முன்னால், ஆசிரியர் பயிற்சியில் பொது உரிமம் என்று கேட்டு வந்ததை உங்கள் பாணியில் சொன்னீர்கள்: “இது எல்லாருக்குமான பாடம். யார் வேணாலும் பிரதி எடுக்கலாம். தப்பு இருந்தா திருத்தலாம். விக்க மட்டும் கூடாது.”

எடுத்தாயிற்று, யாரிடம் கொடுப்பது? ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். படிப்பைப் பாதியில் விட்ட கம்பெனிப் பெண்கள் வரிசையில் நிற்கிற கடை.

“இன்னா டீச்சர், புதுப் பாட்டா, பழைய பாட்டா?”

“பாட்டு இல்லீங்க, பாடம். கார்டு ஏத்தறவங்களுக்கு இதையும் சேத்துப் போட்டுடுங்க. காசு வாங்கக் கூடாது.”

அவர் நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். “பாட்டுக்கு வர்றவன் கைல பாடத்த குடுக்க சொல்றீங்க. சரி, குடுங்க. நானும் ஒம்போதாவது வரிக்கும் படிச்சவன்தான்.”

அடுத்த மாதம் போய்ப் பார்த்தால், உங்கள் பாடங்களைப் பக்திப் பாடல்கள் இருக்கும் ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தார். நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டீர்கள்.

“இன்னா பண்றது டீச்சர்? சினிமா பாட்டோட போட்டா, கார்டு ரொம்பிடுச்சின்னா மொதல்ல உங்களதான் அழிப்பாங்க. சாமி பாட்டுல எவனும் கை வெக்க மாட்டான்.”

திரும்பி வரும் பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்தோம். “நான் அம்மன் ஆயிட்டேன் டீச்சர், இனிமே பாத்துப் பேசுங்க” என்று மிரட்டினீர்கள்.

கைடு போடும் பதிப்பகக்காரர் வந்தது அதற்குப் பிறகு. பாடங்களைக் குறுந்தகடாக்கி கைடோடு சேர்த்து விற்பார்களாம். அட்டையில் உங்கள் படம் வருமாம். ஸ்டுடியோவில் வேறு குரலை வைத்துத் திரும்பப் பதிவு செய்வார்களாம். “பின்னாடி பசங்க சத்தம், பஸ் ஹாரன், டீ ஆறுதுன்னு யாரோ கூப்பிடறது, இதெல்லாம் சுத்தமா எடுத்துடலாம் மேடம்” என்றார். அந்த ‘யாரோ’வான நான் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இருவருமே சிரித்திருப்போம்.

நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். “அப்புறம் அந்தப் பாட்டுக் கடைக்காரர் ஏத்தித் தரலாமா?”

“அது திருட்டுப் பிரதி ஆயிடும் மேடம். எல்லா உரிமையும் எங்களுக்குத்தான் எழுதிக் கொடுக்கணும்.”

“அப்போ வேணாங்க. அந்தப் பொண்ணுங்க வாசல்ல நின்னுகினு இருக்கும்போது நான் கதவைச் சாத்திக்க முடியாது.”

அட்டையில் உங்கள் படத்தைப் பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதை இப்போதுதான் உங்களிடம் சொல்கிறேன்.

அந்த மார்கழியில் காய்ச்சல் என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது உங்கள் நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

உங்கள் குரல் என்னிடம் இல்லை டீச்சர். சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் கேட்கிற குரலைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? என்னிடம் இருந்தது கார்டு போட முடியாத பழைய போன். நீங்கள் போன பிறகு அந்தக் கடையைத் தேடிப் போனேன். இப்போதெல்லாம் அவரவர் போனிலேயே பாட்டு இறங்கிவிடுகிறது, கார்டு ஏற்ற யாரும் வருவதில்லை. கடை இருந்த இடத்தில் சிக்கன் பக்கோடா போடுகிறார்கள். அத்தோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்கு, ஹாஸ்டல் ஹாஸ்டலாக நீங்கள் நடந்துகொண்டிருந்திருக்கிறீர்கள். என் வீட்டு மாடிக்கே வந்துவிட்டீர்கள்.

முத்துச்செல்வியின் பாயில் உட்கார்ந்து அந்தப் பாடத்தை முழுதாகக் கேட்டேன். நீங்கள் நிறுத்திய பிறகு இன்னொரு பெண்ணின் குரல் வந்தது. “ஏட்டி, விளங்குச்சா? திருவிழா ராட்டினம் நின்ன பொறவும் நமக்குத் தலை சுத்தும்லா, அதையும் நெனச்சுக்கோ.” யாரோ ஒருத்தி பின்னால் சேர்த்திருக்கிறாள். நீங்கள் கொடுத்த அனுமதிதான். ராட்டினம் சரியான உதாரணமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

“இந்த டீச்சர் இப்ப எந்த ஸ்கூல்லம்மா இருக்காங்க?” என்று முத்துச்செல்வி கேட்டாள். “ஒரு சந்தேகம் கேக்கணும்.”

சொன்னேன். அந்தக் காய்ச்சலோடு நீங்கள் போய்விட்டீர்கள் என்று. அவள் ஒளி பற்றிய பாடத்தை வைத்தாள். அது முடிகிற இடத்தில் பள்ளி மணி அடித்தது. கதவருகிலிருந்து ஒரு குரல், “டீச்சர், டீ ஆறுது.”

“எம்மா, இது உங்க குரல்லா!” என்றாள்.

எனக்கும் அனுப்பச் சொன்னேன். மகன் வாங்கிக் கொடுத்த புதுப் போன் இருக்கிறது. எல்லாம் ஏறிய பிறகு, “எந்த ஃபோல்டர்ல போடட்டும்மா?” என்று கேட்டாள்.

“சாமி பாட்டோட போடும்மா. அழியாது.”

சாயங்காலம் டீ போட்டேன். கை இரண்டு டம்ளரை எடுத்துவிட்டது, ஊற்றியும் வைத்தேன். ஒளிப் பாடத்தை மறுபடி ஓடவிட்டேன். மேலே அவளும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள், ஒரு வரி முன்னே பின்னே. மணி அடித்தது. நான் கூப்பிட்டேன். நீங்கள் பதில் சொன்னீர்கள்.

“இருங்க டீச்சர், வந்துடறேன்.”

அத்தோடு பதிவு முடிகிறது.

டீ ஆறட்டும் டீச்சர்.