ஓடினது நான்

மார்கழி, செவ்வாய்க்கிழமை.

மத்தியானம் தூறல். மருமகள் செல்வியோடு டி.வி.யில் பேஸ்பால் கேம் ஆடினேன். அவள் பந்து போட, நான் அடித்தேன். பட்டனைத் தொடாமலே என் ஆள் ஓடி, வெள்ளைத் தலையணை மாதிரி இருக்கும் முதல் பேஸில் நின்றான். ஏனென்று கேட்டேன்.

"ஓடுறதை ஆட்டோவுல போட்டுட்டேனுங்க மாமா. நீங்க அவசரப்பட்டு ஓடித் தெனமும் அவுட்டாகறீங்க. அடிச்சாப் போதுமுங்க."

முட்டி வலி வந்ததும் மிளகு பறிக்க ஏணி ஏறக்கூடாது என்றான் மகன். இப்போது டி.வி.யில்கூட ஓடக்கூடாதாம்.

"எடு கண்ணு அதை. இல்லீனா உன் ரசத்துல உப்பில்லைன்னு பஸ் ஸ்டாப்புல சொல்லிப்போடுவேன்."

சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டாள்.

மரவள்ளிக் காட்டுக் குரங்கை நினைத்துக்கொண்டேன். நாம் கல்லோடு நிற்கும்வரை அது அசையாது. கல் கையை விட்டதும் பாயும். நானும் செல்வி கையிலிருந்து பந்து கிளம்பும்வரை பொறுத்து, ஓடுகிற பட்டனை அமுக்கினேன். முதல் பேஸில் நின்ற என் ஆள் இரண்டாவதில் போய்ச் சறுக்கி விழுந்தான். சேஃப்!

செல்வி வாயைப் பிளந்தாள். அந்தக் குஷியில், அடுத்த பந்தை அவள் போடும் முன்பே மூன்றாவதுக்கு விரட்டினேன். பாதி வழியில் அவுட்.

"மறுபடி ஆட்டோவுல போடட்டுங்களா மாமா?"

"போட்டுத்தான் பாரு சாமி!"

போடவில்லை.

அவுட்டானால் என்ன, ஓடினது நான். பொறுக்காததுதான் தப்பு. வியாழக்கிழமை மகன் சேலம் போகிறான். அவன் பஸ் மலையடிவாரக் காரவள்ளிக்கு இறங்கும்வரை குரங்கு மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பேன். ஏணி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால்தான் இருக்கிறது.