தையல் விழுங்கிய சொல்

வருங்கால டாக்டர் அவர்களுக்கு,

சோறு குக்கரில் இருக்கிறது. வெளியே போனால் சாவியை மாடிவீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

உங்கள் ஆய்வேட்டைத் திரைக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று இரண்டு ஃபைலாகச் செய்திருந்தேன். அச்சு ஃபைலில் எழுத்து ஒரு பக்கம் வலமாகவும் மறுபக்கம் இடமாகவும் ஒதுங்கி நிற்பது நடுவில் பைண்டிங் தையலுக்கு இடம் விடத்தான். அதைத் திரையில் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, குடிச்சவன் மாதிரி தள்ளாடுது!" என்று நேற்று குதித்தீர்கள். நான் வாய் திறப்பதற்குள் எல்லாவற்றையும் நடுவுக்கு இழுத்து, நீங்களே அச்சுக் கடைக்கு அனுப்பியும் விட்டீர்கள்.

மாதிரிப் பிரதி வந்துவிட்டது. வரிக்கு ஒரு சொல்லைத் தையல் விழுங்கியிருக்கிறது. கொண்டுவந்த பைண்டர் அண்ணனைக் கேட்டால், "ஆராய்ச்சின்னா பாதிதான் புரியும்னு விட்டுட்டேம்மா" என்கிறார்.

மாலைக்குள் சமர்ப்பிக்க வேண்டுமே! சரியான ஃபைலோடு கடைக்கு ஓடுகிறேன். கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

பி.கு.: மேசையில் பிரதி இரண்டாகப் பிளந்து கிடக்கும். கோபத்தில் கிழிக்கவில்லை. நேற்று நீங்களே சேர்த்த நன்றியுரையில் "உதவிய என் மனைவிக்கு" என்பதற்கு முந்தைய சொல் தையலுக்குள் மாட்டியிருந்தது. "இரவு பகலாக" என்று இருக்கும் என்ற நப்பாசையில் பிரித்துப் பார்த்தேன்.

"ஓரளவு" என்று இருந்தது.

குக்கரில் சோறும் ஓரளவுதான் இருக்கிறது.