வாப்பாவின் தட்டும் திமிங்கிலத்தின் தட்டும்

திங்கள்

காற்றில்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல.

கொழும்புப் பல்கலைக்கழக மிஸ் ஒருவர் வாப்பாவின் படகை வாடகைக்குப் பிடித்திருக்கிறார். திமிங்கிலத்தின் சத்தம் எவ்வளவு பலம் என்று அளக்கவாம். பெண்ணைத் தனியே விடக்கூடாதென்று உம்மா துணைக்கு என்னை ஏற்றிவிட்டார். பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு வீட்டை விட்டு இவ்வளவு தூரம் போனதில்லை. மிஸ்ஸோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அவர் வாந்தி எடுத்தபோது முகரப் புளிப்புத் தேசிக்காய் மட்டும் நீட்டினேன்.

சாமான்: கணினி, ஹெட்போன், நீண்ட வயர், நுனியில் தண்ணீருக்குள் கேட்கும் மைக்.

எஞ்சினை நிறுத்தி மைக்கை இறக்கினோம். மூச்சுக்கூட மெதுவாக. அப்போது வாப்பா சூடை மீன் கூட்டத்தைக் கண்டுவிட்டார். கரையோரக் களப்பில் தட்டித் தட்டி மீனை வலைக்கு விரட்டும் பழக்கம். துடுப்பால் படகில் டக் டக். வலையே போடவில்லை!

"நானா! என்ட காது!" மிஸ் ஹெட்போனைக் கழற்றினார்.

"கை தானாப் போயிட்டு மிஸ்."

கணினியில் சத்தத்தைக் காட்டும் கோடு மேலே ஏறி நின்றது.

செவ்வாய்

வெயில். திமிங்கிலம் வரவில்லை.

அளக்கும் விதத்தை மிஸ் சொன்னார். பாங்கு சொல்லும்போது பள்ளிவாசலில் காது அடைக்கும், எங்கள் வீட்டில் மெல்லக் கேட்கும். வீட்டில் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று தெரிந்தால் ஸ்பீக்கரின் பலத்தைக் கணக்கிடலாம். கடலிலும் அப்படித்தான்.

கரையில் பக்கத்து வீட்டுச் சாச்சி: "குமருப் புள்ளய கடலுக்கு ஏத்துறீங்க. கலியாணம் முடிக்க ஆரு வருவான்?"

வாப்பா: "நாளையோட சரி."

இன்னும் ஒரு நாள்தான். ஹெட்போனைத் தரச்சொல்லி மிஸ்ஸிடம் ஒரு தடவை கேட்க வேண்டும். வாய் வராதே.

புதன்

தூரத்தில் புகை போலத் திமிங்கிலத்தின் மூச்சு. வால் எழுந்தது. உள்ளே போய்விட்டது.

"மிஸ், எனக்கும்..." என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பக் கேட்டேன். தந்தார்.

டக். டக். டக். காதில் இல்லை, நெஞ்செலும்பில். சுப்ஹானல்லாஹ்.

கணினியைக் காட்டினார். திங்களன்று வாப்பா மைக்குக்குப் பக்கத்தில் தட்டிய கோடு கீழே. கண்ணுக்கெட்டாத ஆழத்திலிருந்து வந்த கோடு மேலே.

"இது இவ்வளவு தூரம் வந்து தேய்ஞ்ச சத்தம். கிட்டவெண்டா எத்தனையோ மடங்கு."

இவ்வளவு பலம் உள்ளது மேலே வந்து எவ்வளவு அமைதியாக மூச்சு விடுகிறது.

ஹெட்போனை வாப்பாவுக்கு வைத்தேன். கேட்டுக்கொண்டே சட்டைப்பையிலிருந்து தொழுகைத் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டார்.

கரையில் சாச்சி. "நாளைக்குப் புள்ள வீட்டுலதானே?"

வாப்பா வயரைச் சுருட்டியபடியே, "மிஸ்ஸுக்கு ஒரே வாந்தி. புள்ள இல்லாம ஏலா."

மிஸ் இன்று வாந்தி எடுக்கவேயில்லை.

தேசிக்காய் பறிக்க வேண்டும்.